புல்லில் விழும் களைநாசினி எங்கே போகின்றது?

"அடிச்சு நாலு நாளாச்சு, புல்லு இன்னும் பச்சையாத்தான் நிக்குது. இன்னொருக்கா அடிக்கட்டே?"

வன்னியில் விவசாயப் போதனாசிரியராகப் பணியாற்றிய காலத்திலும், ஓய்வுபெற்ற பின்னரும், என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கேட்பவர் பெரும்பாலும் இரண்டாவது போத்தலை வாங்கி வைத்துக்கொண்டுதான் கேட்பார். பலர் கேட்பதற்கு முன்னரே அடித்தும் முடித்திருப்பார்கள். அடுத்த முறை ஒரு மூடியளவு கூட்டி ஊற்றுவார்கள். அதற்கடுத்த முறை இன்னொரு மூடி.

களைநாசினி வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் எமது நாட்டில் நீண்டது. 2015இல் கிளைபோசேட் தடை செய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அனுமதி கிடைத்தது. 2021இல் இரசாயன உரத்துடன் விவசாய இரசாயனங்களின் இறக்குமதியும் ஒரேயடியாக நிறுத்தப்பட்டு, அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே அம்முடிவு கைவிடப்பட்டது. 2022இல் கிளைபோசேட் மீண்டும் கடைகளுக்கு வந்தது. அந்த விவாதத்துக்குத் தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமல்ல. மருந்து அடிப்பதென்று ஒருவர் முடிவெடுத்தால், அந்த மருந்து செடிக்குள் என்ன செய்கின்றது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். போத்தலை விற்பவர் அதைச் சொல்வது குறைவு. லேபிளில் உள்ள எழுத்தோ கண்ணுக்குத் தெரிவதில்லை.

சுருக்கமாகச் சொன்னால் விடயம் இதுதான். இலையில் விழும் மருந்து மூன்று கட்டங்களைக் கடக்க வேண்டும். முதலில் இலைக்குள் நுழைய வேண்டும். பிறகு செடிக்குள் நகர்ந்து, வேலை செய்யவேண்டிய இடத்தைச் சேர வேண்டும். செடி அதைச் சிதைத்து முடிப்பதற்குள் வேலையையும் முடிக்க வேண்டும். இவற்றில் ஏதோ ஒன்றில் தடைப்பட்டாலும் களை தப்பிவிடும். எங்கே தடைப்பட்டது என்று பாராமல் அளவை மட்டும் கூட்டுவது, அடைபட்ட வாய்க்காலுக்குக் குளத்துக் கதவை இன்னும் கொஞ்சம் திறந்து விடுவதைப் போன்றது. தண்ணீர் வயலுக்குப் போகாது. வேறெங்கோ போகும்.

எங்களைப் பொறுத்தவரை இது சிறிய விடயமல்ல. எமது பகுதிகளில் மருந்தடிப்பவருக்குத் தாங்கிக் கணக்கில் கூலி கொடுக்கப்படுகின்றது. கணவனை இழந்த பெண் தலைமை தாங்கும் குடும்பத்தில் ஒவ்வொரு தாங்கியும் கையிலிருந்து போகும் காசு. தண்ணீர் நிரம்பிய 16 லீற்றர் தாங்கியின் பாரம் 16 கிலோவுக்கும் மேல். செயற்கைக் காலுடன் வரம்பில் நடக்கும் ஒருவருக்கு ஒரு தாங்கி குறைவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நீண்ட காலம் கிடந்த நிலங்கள்

எமது நிலங்களுக்கென்று இன்னொரு பிரச்சினையும் உண்டு. வன்னியில் 2009இற்குப் பின் மீள்குடியேறியவர்கள் பல போகங்கள் உழப்படாத வயல்களுக்குத் திரும்பினார்கள். வலிகாமம் வடக்கில் 1990இல் வெளியேறியவர்களில் பலர் கால் நூற்றாண்டின் பின்னரே தங்கள் காணிகளைக் கண்டார்கள். உழவும் அறுவடையும் இல்லாத நிலத்தில் வெல்பவை பல்லாண்டுக் களைகள். அறுகும் கோரையும் மண்ணுக்கு மேல் தெரிவதைவிட மண்ணுக்குள்ளேதான் அதிகம் இருக்கின்றன. அறுகின் நிலக்கீழ்த் தண்டுகளும் கோரையின் கிழங்குகளும் மாப்பொருளைச் சேமித்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். மேலே உள்ள இலையைக் கருக்கினாலும் கீழே உள்ள சேமிப்பிலிருந்து அவை மறுபடி எழும்பும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மிதிவெடி அகற்றப்பட்டதென்று உறுதிப்படுத்தப்படாத காணியில் "வெட்டினால்தானே ஆபத்து, மருந்து அடிக்கலாம்" என்று இறங்க வேண்டாம். மருந்தடிப்பவரும் அந்த நிலத்தில் கால் வைத்துத்தான் நடக்க வேண்டும்.

பாத்தீனியம் வேறு வகை. அது இந்திய அமைதிப்படையின் காலத்தில், படையினருக்குக் கொண்டுவரப்பட்ட ஆடுகளுடன் வந்ததென்று வடக்கில் பரவலாகச் சொல்லப்படுகின்றது. அதன் பலம் கிழங்கில் இல்லை, விதையில் இருக்கின்றது. ஒரு செடியே ஆயிரக்கணக்கான விதைகளைக் கொட்டும். ஆகவே அதைப் பூக்குமுன் அழிக்க வேண்டும். கையுறை போட்டு வேரோடு பிடுங்குவதே சிறு பரப்புக்குப் போதும். வெறுங்கையால் பிடுங்கினால் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை வரும். அறுகுக்குப் பொருத்தமான காலம் வேறு, பாத்தீனியத்துக்குப் பொருத்தமான காலம் வேறு. அதன் காரணம் கீழே விளங்கும்.

முதலாவது கட்டம்: இலையின் வாசல்

தாமரை இலையிலும் சேம்பு இலையிலும் தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடுவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். அளவில் வேறுபட்டாலும் எல்லா இலைகளிலும் அப்படியொரு மெழுகுப் பூச்சு இருக்கின்றது. அதன் கீழே புறத்தோல் என்னும் மெல்லிய படை உள்ளது. செடியின் நீர் ஆவியாகிப் போகாமல் காப்பதற்காக உண்டான இந்தக் கவசம், வெளியிலிருந்து வரும் மருந்தையும் தடுக்கின்றது. இலைவாய்களின் ஊடாகத்தான் மருந்து உள்ளே போகின்றதென்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் சாதாரண துளிகள் அந்தச் சிறு துவாரங்களுக்குள் நுழைவது அரிது. மருந்தின் பெரும்பகுதி இந்தப் புறத்தோலை ஊடுருவியே உள்ளே செல்கின்றது.

எண்ணெய்த் தன்மை கொண்ட மருந்துகள் மெழுகினூடாக இலகுவில் கரைந்து போகும். கிளைபோசேட் நீரில் கரைவது. மெழுகு அதற்கு எதிரி. எனவேதான் அதனுடன் சவர்க்காரத்தைப் போன்று பரவச் செய்யும் பொருள் ஒன்றைச் சேர்த்து விற்கிறார்கள். அது துளியைத் தட்டையாக்கி இலையோடு ஒட்டவைத்து, உள்ளே போக வழி செய்கின்றது. அப்படியிருந்தும் இலையில் விழுந்ததில் ஒரு பகுதிதான் உள்ளே போகின்றது. மீதி இலையிலேயே காய்ந்து கிடக்கும், அல்லது மழையில் கழுவப்படும்.

துளி ஈரமாக இருக்கும்வரைதான் மருந்து வேகமாக உள்ளே செல்லும். காய்ந்து போனால் அந்த வேகம் பெரிதும் குறைந்துவிடும். நண்பகல் வெயிலில் அடித்த துளி சில நிமிடங்களிலேயே காய்ந்துவிடுகின்றது. காலையில், பனி வடிந்த பின், காற்று அமைதியாக இருக்கும் நேரத்தில் அடித்தால் துளி நீண்ட நேரம் ஈரமாக இருக்கும். கடும் வரட்சியில் வாடிய புல்லில் மெழுகு தடித்திருக்கும். அந்தப் புல்லுக்கு அடிப்பது வீண். ஒரு மழை பெய்து, புல் தளிர்த்து, சில நாட்கள் வளர்ந்த பின் அடிப்பதே புத்தி. அடித்த பின் மழை வந்தாலும் உள்ளே போகாதது கழுவப்பட்டுவிடும். லேபிளில் வேறுவிதமாகச் சொல்லப்பட்டிருந்தாலன்றி, ஆறு மணித்தியாலங்களாவது மழை இல்லாமல் இருப்பது நல்லது.

இனி எமது தண்ணீரைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து ஊறுவது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவே அதற்குச் சாட்சி. அந்த நீரிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் கிளைபோசேட்டைப் பிடித்துக் கட்டிக்கொள்ளும். கட்டுண்ட மருந்து இலைக்குள் இலகுவில் போகாது. தாங்கிக்குள்ளேயே மருந்தின் பலம் குறைந்துவிடுகின்றது. எம்.சி.பி.ஏ. போன்ற மருந்துகளின் உப்பு வடிவங்களையும் கடின நீர் ஓரளவு பாதிக்கின்றது.

வன்னியில் பிரச்சினை வேறு. குளத்திலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் அள்ளும் கலங்கல் நீரில் களிமண் துணிக்கைகள் இருக்கின்றன. கிளைபோசேட் மண்ணுடன் இறுக ஒட்டிக்கொள்ளும் தன்மை கொண்டது. கலங்கல் நீரில் கலந்தவுடனேயே அதன் ஒரு பகுதி களிமண்ணோடு போய்விடும். வீதியோரப் புல்லில் தூசி படிந்திருந்தாலும் இதேதான் நடக்கும்.

இரண்டுக்கும் மாற்று உண்டு. பீலியிலிருந்து பிடித்த மழைநீர் கிளைபோசேட்டுக்கு மிகவும் நல்லது. கலங்கல் நீரை ஓர் இரவு தெளியவிட்டு மேல்நீரை மட்டும் எடுக்கலாம். கடின நீர்தான் கதியென்றால், முதலில் நீரில் அமோனியம் சல்பேற்றைக் கரைத்து, அதன் பிறகு கிளைபோசேட்டை ஊற்ற வேண்டும். லீற்றருக்கு 20 கிராம் வரை பாவிப்பது வழக்கம். 16 லீற்றர் தாங்கிக்கு அது 320 கிராம். சல்பேற்று கல்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் மருந்து விடுபடுகின்றது. இந்த ஒழுங்கை மாற்றி மருந்தை முதலில் ஊற்றினால் அதன் பயன் குறைந்துவிடும்.

இரண்டாவது கட்டம்: உள்ளே ஒரு பயணம்

இலைக்குள் நுழைந்த பின் மருந்துகள் இரு வகையாகப் பிரிகின்றன. ஒரு வகை விழுந்த இடத்திலேயே வேலை செய்யும். மற்றது செடிக்குள் நகர்ந்து போகும்.

எமது நாட்டில் முன்னர் பாவனையில் இருந்த பரகுவாட் முதல் வகை. வெயிலில் சில மணித்தியாலங்களிலேயே இலையைக் கருக்கிவிடும். அந்த வேகத்தைக் கண்டு பழகியவர்கள்தான் இன்றும் "அந்தக் காலத்து மருந்துதான் மருந்து" என்கிறார்கள். ஆனால் இலையைக் கொன்ற வேகத்திலேயே அது தான் போகவேண்டிய பாதையையும் கொன்றுவிடுகின்றது. அறுகின் கிழங்குக்கு அது போய்ச் சேர்வதில்லை. சில வாரங்களில் புல் மறுபடி நிற்கும். அதைக் குடித்து எத்தனையோ உயிர்கள் போன பின்னர், 2008இலிருந்து படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2011 அளவில் அது முற்றாக நிறுத்தப்பட்டது. அதற்கு முறிமருந்தும் இல்லை.

கிளைபோசேட் இரண்டாவது வகை. அது நகரும் பாதை செடியின் உரியம். ஒளித்தொகுப்பில் இலை தயாரிக்கும் சீனியைத் தேவையான இடங்களுக்குக் கொண்டு செல்லும் குழாய்த் தொகுதிதான் உரியம். வேரிலிருந்து நீரை மேலே கொண்டு செல்லும் குழாய்கள் காழ். காழில் மட்டும் நகரும் மருந்து மேல்நோக்கி, இலை நுனிக்குப் போகும். இலையில் தெளித்தால் அது வேரைச் சேராது. உரியத்தில் நகரும் மருந்து சீனி போகும் இடமெல்லாம் போகும். வளரும் குருத்துக்கும் போகும், வேர் நுனிக்கும் போகும், கிழங்குக்கும் போகும்.

ஆகவே, மருந்து எங்கே போகும் என்று அறிய விரும்பினால், அந்த நேரத்தில் சீனி எங்கே போகின்றது என்று பாருங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

அறுகு இப்போதுதான் முளைத்து இரண்டு மூன்று இலை விட்டிருக்கும்போது சீனி கீழிருந்து மேலே வருகின்றது. கிழங்கு தன் சேமிப்பைச் செலவழித்து இலையை வளர்க்கின்றது. அப்போது அடித்தால் மருந்து கீழே இறங்காது. இலைகள் விரிந்து நன்றாக வளர்ந்து, பூக்கத் தொடங்கும் பருவத்தில் இலை சீனியைக் கீழே அனுப்பிச் சேமிக்கின்றது. அந்த நேரத்தில் மருந்தும் அதனோடு இறங்கும். பல்லாண்டுக் களைக்கு உரிய காலம் இதுதான். பாத்தீனியம் போன்ற ஓராண்டுக் களைக்கு இறக்கிச் சேர்க்கக் கிழங்கு இல்லை. அதைச் சிறிதாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

வெட்டிய புல்லுக்கு மருந்தடிப்பதால் பயனில்லை. வாங்கிக்கொள்ள இலையும் இல்லை, அனுப்பச் சீனியும் இல்லை. அதேபோல் பல்லாண்டுக் களைக்கு அடித்த மறுநாளே உழவு இயந்திரத்தை இறக்கினால் பயணம் பாதி வழியில் அறுந்துவிடும். குறைந்தது ஒரு கிழமையாவது விடவேண்டும். கோரையில் இன்னொரு சிக்கல். அதன் கிழங்குகள் சங்கிலி போலத் தொடுத்திருக்கும். அவற்றுள் உறங்கும் கிழங்குகளுக்குச் சீனி போவதில்லை. ஆகையால் மருந்தும் போவதில்லை. அவை பின்னர் விழித்து முளைக்கும். ஒரே தடவையில் கோரையை ஒழிக்க முடியாமல் போவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

எம்.சி.பி.ஏ., 2,4-டி போன்றவை உரியத்தில் சிக்கும் விதம் தனியானது. இவை மென்னமிலங்கள். கலத்துக்கு வெளியே உள்ள சாறு சற்று அமிலமானது. அங்கே இவை ஏற்றமில்லாத வடிவத்தில் இருப்பதால் மென்சவ்வைக் கடந்து உள்ளே போகும். உரியத்தின் உட்புறம் காரத்தன்மையானது. அங்கே ஏற்றம் பெற்று, திரும்பி வெளியே வர முடியாமல் அகப்பட்டுக்கொள்ளும். களப்பில் வைக்கும் பறிக்குள் மீன் அகப்படுவது போலத்தான். போவது சுலபம், வருவது கடினம். அகப்பட்டது சீனி ஓட்டத்தோடு நகர்கின்றது.

இப்போது மூடியளவு கூட்டும் பழக்கத்துக்கு வருகிறேன். நகரும் மருந்தை மிகக் கடுமையாகக் கரைத்து அடித்தால் இலை சீக்கிரம் வாடி, சீனி அனுப்புவதை நிறுத்திவிடும். ஓட்டம் நின்றால் மருந்தும் நிற்கும். பார்வைக்கு இலை வேகமாக மஞ்சளாகி மனம் குளிரும். கிழங்கு பிழைத்துவிடும். மண்ணெண்ணெய் கலந்து அடிப்பவர்களுக்கும் நடப்பது இதுதான். இலை வெந்துபோகும், பாதை மூடப்படும்.

பச்சையாக நின்றால் தோல்வியா?

கிளைபோசேட் செடியின் ஒரேயொரு நொதியத்தைத் தடுக்கின்றது. சில முக்கியமான அமினோ அமிலங்களை உண்டாக்கும் வழியில் அந்த நொதியம் உள்ளது. அது முடங்கினால் புதிய புரதம் கட்டமுடியாமல் செடி பட்டினியால் சாகும். பட்டினி ஒரு நாளில் கொல்லாது. ஓராண்டுப் புல்லில் இரண்டிலிருந்து நாலு நாட்களிலும், பல்லாண்டுப் புல்லில் ஒரு கிழமை அல்லது அதற்குப் பின்னருமே மாற்றம் தெரியும். குளிர்ந்த, மப்பான நாட்களில் இன்னும் தாமதமாகும். நெல் வயலில் அடிக்கும் பிஸ்பைரிபக் சோடியமும் அமினோ அமில உற்பத்தியைத்தான் வேறொரு இடத்தில் தடுக்கின்றது. அதை அடித்தால் களையின் வளர்ச்சி விரைவில் நின்றுவிடும். ஆனால் பச்சை நிறம் ஒன்றிரண்டு கிழமைக்கு இருக்கும். எம்.சி.பி.ஏ. செடியின் வளர்ச்சி ஓமோனைப் போல நடித்துக் கொல்வது. அதில் மட்டும் தண்டு முறுகுவதை ஓரிரு நாட்களிலேயே காணலாம்.

ஆகவே நாலாம் நாள் பச்சையாக நிற்கும் அறுகு மருந்து தோற்றதற்கு அடையாளமல்ல. குருத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். புதிய இலை வரவில்லையென்றால், நடுக்குருத்து வெளுத்திருந்தால், உள்ளே வேலை நடக்கின்றது. இரண்டாவது தாங்கிக்கு முன் இரண்டு கிழமை பொறுப்பது செலவில்லாத வைத்தியம்.

மூன்றாவது கட்டம்: செடியின் எதிர்ப்பு

நெல்லும் புல்தான். அப்படியானால் வயலில் அடிக்கும் மருந்து குதிரைவாலிப் புல்லைக் கொன்று நெல்லை மட்டும் ஏன் விடுகின்றது? நெல் அந்த மருந்தைச் சிதைத்துவிடுகின்றது என்பதே பதில்.

செடிக்குச் சிறுநீரகம் இல்லை. நஞ்சை வெளியே கழிக்க முடியாது. அதனால் மூன்று படிகளில் காரியம் பார்க்கின்றது. முதலில் நொதியங்கள் நஞ்சு மூலக்கூறின் ஒரு பகுதியை வெட்டும் அல்லது மாற்றும். அடுத்து அதனுடன் குளுக்கோசு அல்லது குளுட்டதயோன் போன்ற ஒன்றைக் கட்டிச் செயலற்றதாக்கும். இறுதியில் கலத்தின் புன்வெற்றிடத்துக்குள்ளோ கலச்சுவரிலோ பூட்டி வைக்கும். முதற்படியில் வேலை செய்யும் நொதியக் குடும்பம் ஒன்று எமது ஈரலிலும் இருக்கின்றது. நாம் விழுங்கும் குளிசைகளைச் சிதைப்பதும் அதே குடும்பம்தான்.

இதற்குத் தெளிவான உதாரணம் புரோபனில். எமது வயல்களில் நெடுங்காலம் பாவிக்கப்பட்டு, பின்னர் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட மருந்து அது. அது ஒளித்தொகுப்பைத் தடுப்பது, அதிகம் நகராதது. எனவே வயல்நீரை வடித்து, களையின் இலை முழுவதும் நனையும்படி அடிக்க வேண்டியிருந்தது. நெல்லின் இலையில் அதை வெட்டிச் சிதைக்கும் நொதியம் தாராளமாக உள்ளது. குதிரைவாலிப் புல்லில் மிகக் குறைவு. நெல் தப்பியது, புல் செத்தது.

ஆனால் அந்த நொதியத்தைச் சில பூச்சிநாசினிகள் முடக்கிவிடும். சேதன பொசுபரசு வகையும் காபமேற்று வகையும் அப்படிப்பட்டவை. அவற்றைப் புரோபனிலுடன் கலந்தாலோ, சில நாள் இடைவெளியில் அடித்தாலோ, நெல்லே கருகும். இரண்டுக்கும் இடையே சுமார் 14 நாட்கள் விடவேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். "ஒரே தாங்கியில் இரண்டையும் அடிச்சால் கூலி மிச்சம்" என்ற கணக்கு சில நேரம் ஒரு போகத்தையே விலையாகக் கேட்கும். எந்த மருந்தானாலும், கலக்கலாம் என்று லேபிளில் இல்லாவிட்டால் கலக்க வேண்டாம்.

களையும் இந்த வித்தையைக் கற்றுக்கொள்கின்றது என்பதுதான் கவலைக்குரியது. ஒரு வயலில் உள்ள ஆயிரமாயிரம் குதிரைவாலிச் செடிகளில் ஒன்றிரண்டில் சிதைக்கும் நொதியம் இயல்பாகவே சற்றுக் கூடுதலாக இருக்கும். போகத்துக்குப் போகம் ஒரே மருந்தை அடித்தால் மற்றவை சாகும், அவை தப்பி விதை போடும். புரோபனிலுக்கு எதிர்ப்புக் கொண்ட இப்புல் இலங்கையிலேயே கண்டறியப்பட்டு, 2002இல் ஆய்விதழில் வெளியிடப்பட்டது.

கிளைபோசேட்டை அநேகமான செடிகளால் சிதைக்க முடியாது. அதனால் அதற்கு எதிர்ப்பு வராது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1996இல் அவுஸ்திரேலியாவில் ஒரு புல் அந்த நம்பிக்கையை உடைத்தது. அந்தப் புல்லில் மருந்து குருத்துக்கும் வேருக்கும் போகாமல் இலை நுனியில் தேங்கியது. வட அமெரிக்காவில் வேறொரு களை மருந்தைப் புன்வெற்றிடத்துக்குள் பூட்டி வைத்துத் தப்பியது. 2019இல் குதிரைவாலியின் உறவான புல் ஒன்று கிளைபோசேட்டையே சிதைக்கும் நொதியத்தைப் பெற்றிருப்பது அறிவிக்கப்பட்டது. நகர்வைத் தடுப்பது, பூட்டி வைப்பது, சிதைப்பது என்று நாம் மேலே பார்த்த எல்லாக் கட்டங்களிலும் களை ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது.

அளவைக் கூட்டுவது போலவே, காசை மிச்சம்பிடிக்க அளவைக் குறைப்பதும் ஆபத்து. அரைகுறை அளவில் ஓரளவு எதிர்ப்புள்ள செடிகள் தப்பி ஒன்றோடொன்று கலந்து, பலமான சந்ததியை உண்டாக்கும். லேபிளில் உள்ள அளவு இரு பக்கமும் மீறக்கூடாத எல்லை. வேலை செய்யும் விதம் வேறான மருந்துகளை மாற்றி மாற்றிப் பாவிப்பதும், நல்ல பலகையடிப்பும், வயலில் நீர் கட்டுவதும், சுத்தமான விதைநெல்லும், விதை போடுமுன் கையால் பிடுங்குவதும் எந்தப் போத்தலையும்விட நீண்ட காலம் பலன் தரும்.

எமது உடலுக்கும் வாசல் உண்டு

2,4-டி, எம்.சி.பி.ஏ. ஆகியவை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் இரகசியமாக ஆராயப்பட்டவை. 1960களில் வியட்நாமில் காடுகளையும் பயிர்களையும் அழிக்க அமெரிக்கப் படை தெளித்த கலவையில் 2,4-டியும் 2,4,5-டியும் இருந்தன. பின்னையதில் கலந்திருந்த டயொக்சின் இன்றுவரை அம்மக்களை வருத்துகின்றது. இலைக்குள் மருந்து எப்படிப் போகின்றது என்ற அறிவு உழவுக்கும் உதவியது, போருக்கும் உதவியது.

கிளைபோசேட் தடுக்கும் நொதியம் மனிதரில் இல்லை என்பது உண்மை. அதை வைத்து "ஆளுக்கு ஒண்டும் செய்யாது" என்று முடிவுகட்ட முடியாது. 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் சேர்த்தது. வேறு பல ஒழுங்குபடுத்தும் அமைப்புகள் அதற்கு உடன்படவில்லை. வடமத்திய மாகாணத்தின் சிறுநீரக நோயுடன் அதற்குள்ள தொடர்பு பற்றிய வாதமும் ஓயவில்லை. வாதம் முடியும்வரை நாம் எமது தோலைப் பரிசோதனைக்குக் கொடுக்கத் தேவையில்லை. இலையின் மெழுகைக் கடக்க உதவும் அதே பரவற்பொருள் எமது கண்ணையும் தோலையும் எரிக்கும், தோலின் எண்ணெய்ப்பசையையும் அகற்றும்.

எனவே ஒழுகும் தாங்கியை முதுகில் போடாதீர்கள். முழுக்கைச் சட்டை, கையுறை, சப்பாத்து, கண்ணாடி அணியுங்கள். கலக்கும்போதுதான் கூடிய கவனம் வேண்டும், ஏனென்றால் அப்போது கையில் இருப்பது கரைக்காத மருந்து. நனைந்த சட்டையோடு வேலையைத் தொடராதீர்கள். தாங்கியைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கழுவாதீர்கள். வெறும் போத்தலில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ வைக்காதீர்கள். மருந்தை வீட்டுக்குள், கைக்கெட்டும் இடத்தில் வைக்காமல் பூட்டி வையுங்கள். எமது ஊர்களில் இன்னும் ஆறாத மனங்கள் இருக்கின்றன. ஒரு பூட்டு ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

காற்று வீசும்போது எம்.சி.பி.ஏ. அடித்தால் அயல் தோட்டத்து மிளகாயும் தக்காளியும் திராட்சையும் மிகச் சிறிய அளவிலேயே முறுகிப்போகும். அயலவரோடு அதனால் வரும் பகை அடுத்த போகத்திலும் தீராது.

போத்தலை வாங்குமுன் கேட்கவேண்டியவை

1. என் களை ஓராண்டுக் களையா, கிழங்குள்ள பல்லாண்டுக் களையா?

2. இந்த மருந்து விழுந்த இடத்தில் சுடுவதா, உள்ளே நகர்வதா? சுடுவதென்றால் இலை முழுதும் நனைய வேண்டும். நகர்வதென்றால் வழிந்தோடும் அளவுக்கு நனைக்கத் தேவையில்லை.

3. களை இப்போது சீனியை எங்கே அனுப்புகின்றது, மேலேயா கீழேயா?

4. நான் கலக்கப்போகும் நீர் தெளிந்ததா, கடினமானதா?

5. இன்று வெயில், காற்று, மழை எப்படி?

6. சென்ற போகத்திலும் இதே மருந்தைத்தான் அடித்தேனா?

7. இதை அடிக்காமல் உழவாலோ நீராலோ கையாலோ முடிக்க முடியாதா?

இவற்றுக்கு விடை தெரியாவிட்டால் போத்தலைத் திறக்குமுன் அருகிலுள்ள கமநல சேவை நிலையத்துக்குச் சென்று விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். களையின் ஒரு செடியைப் பிடுங்கிக் கையோடு கொண்டுபோங்கள். கேட்பதற்குக் காசில்லை. கூலிக்கு மருந்தடிப்பவர் வெயில் ஏறிய பின் வந்தால் "நாளைக்குக் காலமை வாங்கோ தம்பி" என்று சொல்லுங்கள். வயல் உங்களுடையது, காசும் உங்களுடையது. எந்த நேரத்தில் அடிப்பதென்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.